900 ஜிபி குடும்பப் போட்டோ, கல்யாண டிவிடி, பழைய பாமினி ஃபைல்கள்: இருபது வருஷம் தாங்கும்படி எப்படி வைப்பது?

கடற்கரைச்சாலை:

வணக்கம். கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2004-லிருந்து எடுத்த கேமரா படங்கள், இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன், வாட்ஸ்அப் ஃபோல்டர்கள். எல்லாம் ஒரே 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் எக்ஸ்ஃபாட் ஃபார்மட்டில் கிடக்கின்றன. விண்டோஸ் 900 ஜிபி என்று காட்டுகிறது. கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஸ்டுடியோ கொடுத்த கல்யாண டிவிடி 6. 1998-லிருந்து 2006 வரை பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் ஃபைல்கள் முந்நூறுக்கு மேல். வீடு சென்னையில், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், தரைத்தளம்.

கேள்விகள்: ஒரு எஸ்எஸ்டி வாங்கி எல்லாவற்றையும் ஏற்றி பீரோவில் வைத்தால் போதுமா? கூகுள் போட்டோஸை ஒரு பிரதியாகக் கணக்கில் எடுக்கலாமா? ஆயிரம் வருஷம் தாங்கும் என்கிற எம்-டிஸ்க் தட்டு (டிவிடி, ப்ளூரே வகை) வாங்கலாமா?

நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எப்போதும் ஓடும் ஸ்டோரேஜ்) வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வருஷத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியும்.

---

வட்டுவாத்தியார்:

எஸ்எஸ்டி வேண்டாம். அதை முதலில் முடித்துவிடுவோம்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றும் ஒரே இனம். தகவலை மின்னூட்டமாக அடைத்து வைக்கின்றன. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெக்கை கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் (சிப் துறையின் தர அமைப்பு) தரம் வீட்டு உபயோக எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுத்து ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பது மட்டும்தான். புதிதாக வாங்கி ஒரே தடவை எழுதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட காலம் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் மே மாதம் சென்னையில் பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, மெதுவாகி, நாலு ஃபைலைப் படிக்க மறுத்து, நமக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக இருந்து இன்று கணினிக்கே தெரியாமல் போய்விடும்.

உங்கள் அளவுக்கு இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வேறு வேறு கம்பெனி, முடிந்தால் வேறு வேறு கடை. ஒரே மாடலை ஒரே நாளில் இரண்டு வாங்கினால் தயாரிப்பில் இருந்த குறையும் இரண்டு பிரதியாக வரும். அதில் ஒன்றாவது 3.5 அங்குல சாதாரண சாட்டா (கணினிக்குள் மாட்டும் முனை) டிஸ்காகவும், போட்டுப் படிக்கத் தனி டாக் ஒன்றும் இருக்கட்டும். காரணம்: கையடக்க 2.5 அங்குல டிஸ்குகள் பலவற்றில் உள்ளே சாட்டா முனையே கிடையாது, யுஎஸ்பி சாக்கெட்டை நேராகச் சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்திருப்பார்கள். அந்தச் சாக்கெட் ஆடிப்போனால் 'பெட்டியைக் கழற்றி வேறு கேபிளில் மாட்டுவோம்' என்ற வழி அடைபட்டுவிடும்.

'எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்காதே' என்று இணையம் முழுக்க எழுதியிருப்பார்கள். அது ரெய்டில் (பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டும் முறை) போடுகிறவர்களுக்கு. தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுவதால், தொடர்ந்து எழுதும்போது பாதியில் வேகம் நொடிக்கு 20, 30 எம்பிக்கு விழும். ஒரு தடவை எழுதிப் பெட்டியில் வைக்கப் போகிறவருக்கு அதனால் நட்டம் பொறுமை மட்டும்தான்.

டிஸ்க் வந்ததும் உடனே படங்களை ஏற்றாதீர்கள். விண்டோஸில் ஃபார்மட் கொடுக்கும்போது 'குவிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முழு ஃபார்மட் போடுங்கள். டிஸ்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்க்கும். 4 டிபிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலைத் திறந்து, டிஸ்கின் கெட்ட இடங்களைக் கணக்கு வைக்கும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றின் 'ரா' மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்கில் ஒன்று ஏறியிருந்தாலும் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள், 'ஒண்ணும் ஆகாது சார்' என்பார், கேட்காதீர்கள். சி7 (கேபிள் வழியில் வரும் பிழை) ஏறினால் டிஸ்க் மேல் பழி போட வேண்டாம், கேபிளை மாற்றுங்கள்.

எக்ஸ்ஃபாட்டை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் உருவப்பட்டால் ஃபைல் அட்டவணையே குழம்பும். மேக் கணினியும் எழுத வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்ஃபாட், இல்லையென்றால் என்டிஎஃப்எஸ்.

இனி பிரதி எடுக்கும் வரிசை. பழைய டிஸ்கிலிருந்து முதல் புது டிஸ்கிற்கு காப்பி. கட் அண்ட் பேஸ்ட் கூடவே கூடாது. டெராகாப்பி நிரலில் 'வெரிஃபை' போட்டுக்கொண்டால் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். யுஎஸ்பி 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் உங்கள் 900 ஜிபிக்கு சுமார் 2¾ மணி, யுஎஸ்பி 2-ல் சுமார் 8 மணி. சரிபார்ப்புக்கு அதே நேரம் மறுபடி. சின்ன ஃபைல் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும்.

பிறகு ரேப்பிட்சிஆர்சி யூனிகோட் போன்ற ஒரு நிரலால் முதல் டிஸ்கில் உள்ள எல்லா ஃபைலுக்கும் ஷா-256 கையொப்பப் பட்டியல் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண், ஒரு பிட் மாறினாலும் எண் மாறும்) எடுத்து அந்த டிஸ்கின் வாசலிலேயே போடுங்கள். பட்டியலோடு சேர்த்து இரண்டாவது டிஸ்கிற்கு காப்பி எடுத்து, அங்கே அதே பட்டியலை வைத்து முழுச் சோதனை ஓட்டுங்கள். 'ஃபைல் எண்ணிக்கை சரி, மொத்த சைஸ் சரி' என்பது சோதனை ஆகாது. உள்ளே ஒரு பிட் புரண்டாலும் சைஸ் மாறாது. ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் வித்தியாசமாக எழுதப்படுவதால், ஒரே ஒரு பிட் போனாலே அந்த இடத்துக்குக் கீழே படம் முழுக்க நிறம் மாறி, சாம்பல் பட்டையாக நிற்கும். அந்தப் படத்தை அடுத்த வருஷம் அப்படியே இரண்டாவது டிஸ்கிற்கும் ஏற்றிவிடுவீர்கள். பட்டியல் இருப்பது அதைப் பிடிக்கத்தான்.

ரோபோகாப்பி (விண்டோஸின் காப்பி கட்டளை) பழக்கமுள்ளவர்கள் 'மிர்' சுவிட்ச் பக்கம் போக வேண்டாம். மூலத்தில் இல்லாததை எல்லாம் மறுபக்கத்தில் அழிக்கும். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டு காலி டிஸ்கை முழு டிஸ்கின் மேல் 'சமன்' செய்வது இந்தத் துறையின் அன்றாட விபத்து.

இடம்: ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். பக்கத்துத் தெரு அல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் தெரு பார்த்து வரவில்லை. மதுரையோ கோவையோ, சொந்தக்காரர் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே, முதல் மாடிக்கு மேல். இரண்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் தொங்குவதைக் கூடிய வரை குறையுங்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் பூட்டும், மின்னழுத்தம் எகிறினாலும் அப்படியே.

வீட்டில் வைக்கும் டிஸ்க் பீரோவில் நேராக வேண்டாம். ரப்பர் விளிம்பு வைத்த மூடி உள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 50 கிராம் சிலிகா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. 35-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் நீலத்தை விட்டு ஆரஞ்சு வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும். நிறம் மாறியதும் 110, 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். எந்த நிறமானாலும் சமைக்கும் வாணலியில் வறுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பழைய பாத்திரம்.

வருஷத்துக்கு இரண்டு நாள் என்றீர்கள். போகிக்கு ஒன்று, ஆடியில் ஒன்று. போகிக்கு வீட்டு டிஸ்க், ஆடியில் ஊர் டிஸ்க்: மாட்டுவது, கையொப்பப் பட்டியலை ஓட்டுவது, புதிய படங்களைச் சேர்ப்பது, 05, சி5, சி6 பார்ப்பது. இந்த மூன்றில் ஏதாவது ஏற ஆரம்பித்தால் அன்றே புது டிஸ்க். ஏறாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் மாற்றுங்கள். கழித்த பழைய டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டாம், மூன்றாவது பிரதியாகப் பரணில் கிடக்கட்டும்.

---

ஒளித்தட்டு:

வாத்தியார் எம்-டிஸ்கைத் தாண்டிப் போய்விட்டார். நான் சொல்கிறேன்.

எம்-டிஸ்க் விளம்பரத்தின் ஆயிரம் வருஷத்தை விட்டுத்தள்ளுங்கள். ஆனால் அடிப்படை உண்மை. சாதாரண சிடி-ஆர், டிவிடி-ஆர் தகவலைச் சாயத்தில் எழுதுகின்றன. அது கரிமச் சாயம், வெளிச்சத்திலும் ஈரத்திலும் வெளுக்கும். எம்-டிஸ்கிலும், 'எச்டிஎல்' வகை ப்ளூரேயிலும் எழுதும் படலம் கனிமப் பொருள், வெளுக்காது. ப்ளூரே வாங்கும்போது 'எல்டிஎச்' என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள், அது மறுபடி சாயம். எழுதிய பிறகு ஒரு வைரஸாலும் அதை அழிக்க முடியாது என்பது ஹார்ட் டிஸ்கில் கிடைக்காத நன்மை.

கணக்கு: 25 ஜிபி தட்டில் விண்டோஸ் கணக்குப்படி 23.3 ஜிபிதான். உங்கள் 900-க்கு 39 தட்டு. 4 எக்ஸ் வேகம் என்றால் நொடிக்கு 18 எம்பி, தட்டுக்கு 23 நிமிஷம் எழுத, கிட்டத்தட்ட அவ்வளவே சரிபார்க்க. மொத்தம் 30 மணி நேரம் தட்டு மாற்றிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் முழுவதையும் அதில் ஏற்றச் சொல்லமாட்டேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, 'இது போனால் அழுவோம்' என்கிற 40, 50 ஜிபியைப் பிரியுங்கள். அது மூன்று தட்டு. ஓரத்தில் கொஞ்சம் காலியாக விடுங்கள், தட்டின் வெளி விளிம்புதான் முதலில் கெடும். ஒவ்வொரு தட்டிலும் பார்2 நிரலால் 10 சதவீத மீட்பு ஃபைல்களும் சேர்த்து எழுதினால், சில இடங்கள் படிக்க வராமல் போனாலும் கணக்குப் போட்டு ஈடு செய்துகொள்ளலாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, சுழலும்போது எடை சாயும். தட்டுகளுக்கென்ற தண்ணீர் மை பேனாவால் நடு வளையத்தில் மட்டும் எழுதுங்கள்.

கல்யாண டிவிடி ஆறும்தான் உங்களிடம் இருப்பதிலேயே ஆபத்தானவை. அவை கரிமச் சாயம், பெரும்பாலும் ஸ்டுடியோ வாங்கிய மொத்த விலைத் தட்டு. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் இவற்றை எடுங்கள். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் மரக்கிளை மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை. மெல்லிய பருத்தித் துணியில் சுத்தமான தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடும், பிழைதிருத்தியால் சமாளிக்க முடியாது.

டிவிடிக்குள் தெரியும் விஓபி வீடியோ ஃபைலை மட்டும் இழுத்துப் போடாதீர்கள். தட்டை முழு ஐஎஸ்ஓ பிம்பமாக (தட்டு முழுவதன் நகலாக ஒரே ஃபைல்) எடுங்கள். சிக்கினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல்: பிளாக் அளவு 2048, முதல் ஓட்டத்தில் முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள், மேப் ஃபைல் (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற குறிப்பு) கட்டாயம். இரண்டாவது ஓட்டத்தில் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். அப்புறமும் ஓட்டை இருந்தால் அதே மேப் ஃபைலோடு வேறொரு டிவிடி டிரைவில் தொடருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், சகஜம். ஐஎஸ்ஓ கிடைத்த பிறகு மேக்எம்கேவியில் போட்டால் படத்தை மறுபடி சுருக்காமல் எம்கேவியாக மாற்றித் தரும். ஹேண்ட்பிரேக்கில் சுருக்கி எடுத்ததைப் போனில் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், மூலமாக வைக்காதீர்கள். தட்டில் இருப்பது 720க்கு 576 தான். அதையும் சுருக்கினால் முகூர்த்தத்தில் முகம் தெரியாது.

---

வட்டுவாத்தியார்:

டிவிடிக்குச் சொன்னது அத்தனையும் சரி. எம்-டிஸ்க் விஷயத்தில் ஒரே ஒரு இடறல்: தட்டு நிற்கும், படிக்கிற டிரைவ் நிற்குமா? சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூரே தட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மடிக்கணினியில் டிரைவே வருவதில்லை. வாங்குகிறவர் யுஎஸ்பி ப்ளூரே டிரைவையும் தட்டோடு அதே டப்பாவில் வைக்க வேண்டும், போகிக்கு அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த 40 ஜிபியிலிருந்து இன்னும் ஓர் இருநூறு படத்தை லேபில் கொடுத்து சில்வர் ஹேலைடு தாளில் பிரின்ட் போடுங்கள் என்பது என் கட்சி. படிக்க டிரைவ் வேண்டாம்.

---

பனங்காடு:

யாழ்ப்பாணத்திலிருந்து. பாமினி எங்கட பக்கத்துத் தலைவலி எண்டபடியால் அதையும் தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாமினி கோப்பில் இருப்பது தமிழ் அல்ல. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகத்தை ஒட்டுகிறது. வன்தட்டு நூறு வருடம் நின்றாலும் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்த முந்நூறு கடிதமும் குப்பைதான். தேடவும் முடியாது. 1999-ல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய டாம், டாப் குறியாக்கக் கோப்புகளுக்கும் இதே நிலைமை. 2010-ல் அங்கேயும், இன்று எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாறிவிட்டார்கள்.

ஒவ்வொரு கோப்பையும் மூன்று வடிவில் வையுங்கோ. மூல வேர்ட் கோப்பை அப்படியே, கூடவே அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பு. இரண்டாவது, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப். 'பிடிஎஃப்/ஏ' என்ற தெரிவு இருந்தால் அது. தோற்றம் இதில் காப்பாற்றப்படும், ஆனால் அதற்குள்ளிருந்து நகலெடுத்து ஒட்டினால் மறுபடி ஆங்கிலக் குறிகள்தான் வரும். ஆகவே மூன்றாவதாக யூனிகோட் எளிய உரை. என்எச்எம் கன்வெர்ட்டரும் பொங்குதமிழும் பாமினியை மாற்றும். கவனிக்க வேண்டியது, கடிதத்தின் நடுவில் ஆங்கில முகவரி, மின்னஞ்சல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கி உளறிவிடும். ஆங்கிலப் பகுதிகளை முதலில் பிரித்து எடுத்துவிட்டு மாற்றுங்கோ, இல்லாவிட்டால் மாற்றிய பிறகு கண்ணால் பார்த்துத் திருத்துங்கோ. முந்நூறு கோப்பு என்றால் ஒரு வார இறுதி.

அடுத்தது கோப்புப் பெயர். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 'திருமணம்' கண்ணுக்கு 5 எழுத்து. உள்ளே 8 குறி, 24 பைட். விண்டோஸ் பெயருக்கு 255 குறி வரை விடும். லினக்ஸின் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறி. விண்டோஸில் நீட்டி முழக்கி 'அக்கா வளைகாப்பு காலை பெரியம்மா வீட்டு மொட்டை மாடி' வகையில் தேதியோடும் ஊரோடும் பெயர் வைத்தால், லினக்ஸ் தட்டுக்கு நகலெடுக்கும்போது அந்தக் கோப்புகள் மட்டும் 'பெயர் நீளம்' என்று விழும். பதிவேட்டைப் பார்க்காதவருக்கு விழுந்தது தெரியாது.

இன்னொன்று தமிழுக்கே உரிய பொறி. 'பொங்கல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். ஓகாரமும் ஔகாரமும் அப்படியே. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும், விண்டோஸ் தட்டச்சில் ஒன்றாகவே வரும். இரண்டும் ஒரே தட்டுக்கு வந்தால் 'பொங்கல் 2012' என்று அச்சாக ஒரே மாதிரி இரண்டு கோப்புறை நிற்கும், ஒவ்வொன்றிலும் பாதிப் படம். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி இதை வேறு கோப்பு என்றே நினைத்து முழுவதையும் திரும்ப நகலெடுக்கும். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியை என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்க்கும்) தெரிவோடு ஓட்டினால் எல்லாப் பெயரும் ஒன்றாகும். ஆனால் கையொப்பப் பட்டியல் எடுக்க முன்னம் செய்யுங்கோ, பிறகு பெயர் மாறினால் பட்டியல் பொருந்தாது.

தமிழில் பெயரே வைக்காதே என்று சொல்ல மனம் வரவில்லை. கோப்புறைப் பெயரில் முதலில் தேதி எண்ணாக, பிறகு இரண்டு தமிழ்ச் சொல்: '2012-01-15 பொங்கல்'. விவரம் நிறைய எழுத ஆசையென்றால் அதே கோப்புறைக்குள் யுடிஎஃப்-8 எளிய உரைக் கோப்பு ஒன்றைப் போட்டு, யார் யார், எந்த ஊர், எந்த வீடு என்று நெடுக எழுதலாம். எண்பது வயது அம்மம்மா இருக்கும்போதே அதை எழுதி வாங்குங்கோ; பழைய படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறவர் யாரென்று எந்த மென்பொருளும் சொல்லாது.

---

மேகக்கணக்கு:

கூகுள் போட்டோஸ் பற்றி. அது ஒத்திசைவு, பிரதி இல்லை. போனில் ஆப்பைத் திறந்து ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள், அதற்குப் பிறகு கிடையாது. குழந்தை கையில் போன் கொடுக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. 'ஸ்டோரேஜ் சேவர்' என்றால் 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ள படம் சுருங்கியிருக்கும், வீடியோ 1080பி-க்கு இறங்கியிருக்கும். அதனால் டிஸ்கில் மூலம் இருக்கும் படங்களை அங்கிருந்து இறக்கிய படத்தை வைத்து மாற்றிவிடாதீர்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. போன கணக்கின் படத்துக்கு அழுது பயனில்லை.

மேகத்தில் மட்டும் இருப்பவற்றை இறக்க, கூகுளின் டேக்அவுட் (கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கும் சேவை) தான் வழி. ஆர்க்ளோன் (மேகத்துக்கும் கணினிக்கும் இடையே காப்பி எடுக்கும் நிரல்) மூலம் எடுக்கலாம் என்ற பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 2025 மார்ச் இறுதிக்குப் பிறகு வெளி நிரல்கள் தாங்கள் ஏற்றிய படங்களை மட்டுமே பார்க்க முடியும். டேக்அவுட்டில் ஜிப் அளவு 50 ஜிபி வைக்கச் சொல்லி ஆசை காட்டும். 10 வையுங்கள், நெட் அறுந்தால் 49-வது ஜிபியிலிருந்து அழ வேண்டாம். இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதி ஆகும். 7-ஜிப்பில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் விரியுங்கள், ஏனென்றால் படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் குறிப்பு (படத்தின் விவரம் எழுதிய சின்ன உரை ஃபைல்) இன்னொன்றிலும் போயிருக்கும். நீங்கள் ஆப்பில் திருத்திய தேதி, எழுதிய விளக்கம் எல்லாம் அந்த ஜேசனில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. எக்ஸிஃப்டூல் என்ற நிரலைக் கொண்டு படத்துக்குள் ஏற்றலாம். விண்டோஸில் தமிழ்ப் பெயர் உள்ள ஃபைல் என்றால் ஃபைல்பெயர் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அதற்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலையே காணோம் என்னும். ஆல்பத்தில் போட்ட படம் ஆல்பம் ஃபோல்டரிலும் வருஷ ஃபோல்டரிலும் இரண்டு தடவை வரும், பதற வேண்டாம்.

ஐபோனிலிருந்து கேபிளில் எடுக்கும்போது செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'கீப் ஒரிஜினல்ஸ்' தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்றால் எச்இஐசியை (ஐபோனின் பட வடிவம்) ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும், பாதியில் 'சாதனம் இயங்கவில்லை' என்று விண்டோஸ் கைவிரிக்கும். 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் முழு அளவுப் படம் போனிலேயே இருக்காது, ஐகிளவுடிலிருந்துதான் இறக்க வேண்டும்.

வாட்ஸ்அப் படங்களில் எக்ஸிஃப் (எடுத்த தேதி முதலிய உட்குறிப்பு) துடைத்து விடப்பட்டிருக்கும். ஃபைல் பெயரில் உள்ள தேதி, படம் எடுத்த நாள் அல்ல, அந்தப் போனுக்கு வந்த நாள். சித்தப்பா 1985 படத்தை 2019-ல் அனுப்பினால் 2019 என்றே இருக்கும். இனி யாரிடமாவது மூலம் கேட்டால் 'டாக்குமெண்டாக அனுப்புங்க' என்று சொல்லுங்கள், அப்படியே வரும்.

ஊர் டிஸ்கிற்கு மேல் இன்னொரு பிரதி மேகத்தில் வேண்டும் என்றால், அமேசான் எஸ்3-யின் கிளேசியர் டீப் ஆர்கைவ் அமெரிக்க மையங்களில் டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர். விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ஏற்றியதை 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாளுக்குக் காசு, திரும்பக் கேட்டால் 12-லிருந்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், இறக்கும்போது ஜிபிக்கு 9 சென்ட் அளவில் கட்டணம், முழு டிபிக்குக் கிட்டத்தட்ட 90 டாலர். வீடும் ஊரும் இரண்டுமே போன நாளுக்கான உண்டியல் அது. உங்கள் 900 ஜிபியை 50 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற 43 மணி நேரம், 20 என்றால் நாலரை நாள். ஏற்றும் முன் ஆர்க்ளோனின் கிரிப்ட் வசதியால் பூட்டிவிடுங்கள்.

---

கடற்கரைச்சாலை:

எல்லோருக்கும் நன்றி. டிவிடியில் நாலு சுத்தமாக ஐஎஸ்ஓ ஆகிவிட்டது. ஐந்தாவது 97 சதவீதத்தில் நிற்கிறது, வேறு டிரைவ் தேடுகிறேன்.

இரண்டு சந்தேகம். டிஸ்குகளை பிட்லாக்கர் அல்லது வெராகிரிப்ட் போட்டுப் பூட்டலாமா? பத்திரம், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கிறது, டிஸ்கோ அக்கா வீட்டில் இருக்கப் போகிறது. பிறகு, வீட்டில் மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் டிஸ்கைக் கையில் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எப்படிச் சொல்லிவைப்பது?

---

வட்டுவாத்தியார்:

ஐந்தாவதற்கு மேப் ஃபைலைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் அடுத்த டிரைவில் முதலிலிருந்து தொடங்கும்.

படங்களைப் பூட்ட வேண்டாம். திருடனுக்குச் சீமந்தப் படத்தால் லாபமில்லை. பூட்டின பாஸ்வேர்டை மறந்த வீடுகள் திருடு போன வீடுகளைவிட அதிகம் என்று நினைக்கிறேன். பத்திரம், பான், வங்கி ஸ்கேன்களை மட்டும் 10 ஜிபி வெராகிரிப்ட் பெட்டிக்குள் போடுங்கள். பெட்டியை உருவாக்கியதும் அதன் 'ஹெடர்' பிரதியை எக்ஸ்போர்ட் செய்து வெளியே வையுங்கள். திறவுகோல் ஹெடரில்தான் இருக்கிறது, அது கெட்டால் பாஸ்வேர்ட் தெரிந்தும் திறக்காது. வெராகிரிப்டின் இன்ஸ்டாலர் ஃபைலையும் டிஸ்கிலேயே பெட்டிக்கு வெளியே போடுங்கள். பாஸ்வேர்ட் பென்சிலால் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத இடத்தில், பேங்க் லாக்கர் நல்லது. பிட்லாக்கர் போட்டே தீருவேன் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியையும் அதே தாளில்.

கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று இருக்கிறது. 3, 6, 12, 18 மாதம் என்று காலக்கெடு வைத்து, அதற்கு மேல் கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால் யாருக்கு அணுகல் போக வேண்டும் என்று பத்துப் பேர் வரை சொல்லலாம். ஐந்து நிமிஷ வேலை.

வீட்டாருக்கு: டப்பாவின் மூடியில் ஒரு தாள் ஒட்டுங்கள். டிஸ்கின் மேல் வேண்டாம், காற்றுத் துளையை மூடிவிடும். தாளில் இவ்வளவு போதும்:

'குடும்பப் படங்கள், 2004 முதல். இதே போல் இன்னொன்று கோவையில் அக்கா வீட்டு மாடியில். விண்டோஸ் கணினியில் மாட்டினால் திறக்கும், பாஸ்வேர்ட் இல்லை. ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கேபிளை மாற்றிப் பார்க்கவும். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றவும், கடையில் கொடுக்க வேண்டாம், கோவை டிஸ்கை எடுக்கவும். கடைசியாகச் சரிபார்த்த நாள்:'

அந்தக் கடைசி வரிக்குக் கீழே ஒரு இருபது வரி காலியாக விடுங்கள்.